குடலகத்துக் காவலரைத் தேடிய பேரறிஞர்

வாந்திபேதி நோயை விளைக்கும் கிருமிகளைக் கிண்ணத்தில் எடுத்துத் தாமே விரும்பிக் குடித்தவர் ஒருவர் இருந்தார். அவர் அறிவு திரிந்தவரல்லர். அந்நாளில் உயிர்மேல் வெறுப்புற்றவருமல்லர். பாரிசு மாநகரிலே, புகழ் வாய்ந்த பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்திலே, ஆய்வுகூடம் ஒன்றின் தலைவராய் விளங்கிய விஞ்ஞானி. 47 வயது நிரம்பியவர். ஒரே கிணற்றின் நீரைக் குடித்த இருவருள் ஒருவன் நோயுற்று மடிய, மற்றவன் யாதொரு துன்பமுமின்றி நடமாடுவது எதனால் என்னும் வினா அவர் நெஞ்சை ஓயாது அரித்துக்கொண்டிருந்தது. அவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டே அவர் அக்கிண்ணத்தை வாயருகே கொண்டு சென்றார். அவர்தாம் இலியா மெச்னிக்கோவ்.

நம் மாணவர்கள் உயிரியற் பாடத்திலே இவர் பெயரைத் தின்குழியங்களோடு சேர்த்து ஒருவரியிற் படிக்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நான் இவ்விஞ்ஞானியின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் வினவக்கூடும். ஒரு மனிதன் சாவை நாடிச் சென்று, பின்னர் அச்சாவையே ஆராயத் திரும்பி, முடிவில் வாழ்வின்மேற் பெருங்காதல் கொண்ட கதை எத்துறையைச் சார்ந்ததாயினும் இலக்கியத்துக்குப் புறம்பானதன்று. இவருடைய மனைவியார் ஒல்கா அம்மையார் எழுதி 1920 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றை ஆங்கில மொழிபெயர்ப்பிலே நான் படித்தபோது என் உள்ளத்தில் எழுந்த எண்ணம் இதுவே.

மெச்னிக்கோவ் 1845 ஆம் ஆண்டு மே மாதத்திலே, அந்நாளில் உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த உக்கிரேன் நாட்டின் கார்க்கோவ் நகருக்கு அணித்தான சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் அரசகாவற் படையிற் பணிபுரிந்தவர். தாயார் யூதகுலத்து எழுத்தாளர் ஒருவரின் மகள். உடன்பிறந்தார் ஐவருள் இவரே இளையவர். தமையனாருள் ஒருவரான லெவ் புவியியல் அறிஞராய்ப் புகழ் பெற்றார். மற்றொருவரான இவான் தூலா நகரிலே நீதித்துறையிற் கடமையாற்றி நடுவயதிலே காலமானார். தோல்ஸ்தோய் 1886 இல் வெளியிட்ட இவான் இலியிச்சின் மரணம் என்னும் புகழ்பெற்ற குறுநாவலுக்கு இவருடைய மரணமே கருவாயிற்று என்பர். சாவின் முன்னே நடுங்கும் மனிதனை உலக இலக்கியத்தில் நிலைநிறுத்திய அக்கதையின் தோற்றத்தோடு நம் விஞ்ஞானியின் குடும்பம் இவ்வாறு தொடர்புற்றிருப்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கார்க்கோவ்ப் பல்கலைக்கழகத்திலே நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டுகளில் முடித்தார் இவர். பின்னர் ஜேர்மனியிலும் இத்தாலியிலும் கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்தார். 1865 இல் தட்டைப்புழு ஒன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கியபொழுது, அதன் உடற்கலங்கள் உணவுத் துணுக்கைத் தம்முள்ளே விழுங்கிச் செரிப்பதைக் கண்டார். அன்று அது சிறு செய்தியாகவே தோன்றியது. பதினேழு ஆண்டுகள் கழித்து அதுவே அவரைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது.

இடைப்பட்ட ஆண்டுகள் துயரம் நிறைந்தவை. 1869 இல் லுத்மிலா என்னும் நங்கையை மணந்தார். அவர் கசநோயால் மெலிந்திருந்தமையால், திருமணத்தன்று அவரை நாற்காலியில் அமர்த்தித் தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. வெயில் நிறைந்த இடங்களுக்கெல்லாம் கொண்டு சென்றும் பயனில்லாது, 1873 இல் மதெய்ராத் தீவிலே அவர் உயிர் நீத்தார். துயரந் தாளாத மெச்னிக்கோவ் தம் உயிரையும் மாய்த்துக்கொள்ள முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. 1875 இல் ஒல்கா அம்மையாரை மணந்தார். சில ஆண்டுகளில் அவரையும் நெருப்புக்காய்ச்சல் பற்றியது. அவர் பிழைத்தெழுந்தாராயினும் கணவரின் மனம் தளர்ந்துவிட்டது. நாட்டு நிலையுங் கொந்தளித்தது. 1881 இல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல் ஒன்றினாற் பீடிக்கப்பட்ட நோயாளியின் குருதியைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டார். இறந்தால் விடுதலை, இறவாவிட்டால் அந்நோய் குருதி வழியாகத் தொற்றும் என்பது உறுதியாகும் என்பது அவர் எண்ணம். நோய் தொற்றியது; மிக வருந்தினார்; ஆயினும் பிழைத்தார். அந்நோயினின்று எழுந்த மெச்னிக்கோவ் வேறொரு மனிதரானார். வாழ்வில் என்றுமில்லா விருப்பம் அவருக்கு உண்டாயிற்று.

1882 இல் ஒடெசாப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குக் குடும்பத்தோடு சென்றார். அங்கே ஒருநாள் வீட்டார் அனைவரும் களரி ஒன்றிலே குரங்குகளின் வேடிக்கை காணச் சென்றிருந்தனர். தனித்திருந்த இவர் கண்ணாடி போன்ற உடலையுடைய உடுமீன் குடம்பிகளை நுணுக்குக்காட்டியினூடே நோக்கிக்கொண்டிருந்தார். அவ்வுடலினுள் அங்குமிங்கும் உலாவிய கலங்களைக் கண்டதும் அவர் மனத்தில் ஓர் எண்ணம் மின்னியது. உணவை விழுங்கும் கலங்கள் உடலினுட் புகுந்த பகைப்பொருளையும் விழுங்கலாமன்றோ? உடனே தோட்டத்து ரோசாச் செடியின் முள்ளைக் கிள்ளி வந்து குடம்பியின் தோலினுட் செருகினார். மறுநாள் விடியற்காலையிலே பார்த்தபோது முள்ளைச் சூழ்ந்து கலங்கள் மொய்த்துக் கிடந்தன. உடலுக்குத் தனக்கெனக் காவலர் உண்டு என்னும் பேருண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இக்கொள்கைக்காகவே 1908 ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஜேர்மானியரான போல் ஏர்லிக் என்பவரோடு பகிர்ந்து பெற்றார்.

1888 இல் லூயி பாஸ்டர் தம் புதிய நிலையத்தில் இவருக்கு ஆய்வுகூடம் ஒன்றை அளித்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அங்கேயே கழிந்தது. நான் தொடக்கத்திற் குறிப்பிட்ட கிண்ணத்தின் கதை அங்குதான் நிகழ்ந்தது.

1892 இல் ஐரோப்பாவின் பல பகுதிகளில் வாந்திபேதி பரவியது. நோய்க்குக் காரணம் இன்ன கிருமியே என்று ரொபேட் கொக் 1884 இற் காட்டியிருந்தார். மியூனிக் நகரத்து முதுபேரறிஞர் பெற்றன்கோபர் அதனை ஒப்பாது, 1892 ஒக்டோபர் மாதத்தில் அக்கிருமிகளைத் தாமே விழுங்கி, சிறிதளவு வயிற்றோட்டத்தோடு தப்பினார். மெச்னிக்கோவும் குடித்தார், நோயுறவில்லை. தாமாக முன்வந்த உதவியாளர் ஒருவர் குடித்தார், அவரும் நோயுறவில்லை. வேறொருவர் குடித்தார், அவரோ சாவின் வாயில்வரை சென்று மீண்டார். தம் உயிரைப் பணயம் வைப்பது ஒருவருடைய உரிமை எனலாம். பிறர் உயிரை, அவர்தாமே முன்வந்தாராயினும், அங்ஙனம் வைத்ததை நான் போற்றேன். இன்றைய மருத்துவ அறநெறியும் அதனை ஒருபோதும் இசையாது. ஆயினும் அந்நிகழ்ச்சி எழுப்பிய வினா மறுக்கமுடியாதது. கிருமி ஒன்றே, அளவும் ஒன்றே, விளைவு மட்டும் வேறானது ஏன்?

இங்கே மெச்னிக்கோவின் கூர்மதி வெளிப்பட்டது. குடலிலே குடியிருக்கும் வேறு நுண்ணங்கிகளே இவ்வேற்றுமைக்குக் காரணமாகலாம் என்று கருதி, வாந்திபேதிக் கிருமியைப் பிற நுண்ணங்கிகளோடு சேர்த்து ஆய்வுத் தட்டுக்களில் வளர்த்தார். சில, அதன் வளர்ச்சியைத் தூண்டின. வேறு சில, அதனைத் தடுத்தன. மனிதன் தன் குடலினுள்ளே பகைவருக்கு உதவும் கூட்டத்தையும் பகைவரைத் தடுக்கும் கூட்டத்தையும் ஒருங்கே சுமந்து திரிகின்றான் என்பது இதனாற் பெறப்பட்டது. அங்ஙனமாயின், நல்லனவற்றை உணவோடு உட்கொண்டு தீயனவற்றை அடக்கலாகாதோ என்று எண்ணினார். நலம்பயக்கும் நுண்ணங்கிகள் என்று இன்று போற்றப்படுவன பற்றிய சிந்தனைக்கு வித்து இதுவே.

இவ்வித்து அவர் கையில் முளைத்த விதம் தனிக்கதையாகும். பெருங்குடலில் உணவு அழுகுவதால் எழும் நச்சுப் பொருள்களே முதுமைக்கு ஏது என்றும், பெருங்குடல் மனிதனுக்கு வேண்டாத உறுப்பு என்றும் அவர் முடிவு செய்தார். பல்கேரிய நாட்டு மக்களின் நெடிய ஆயுளுக்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணம் எனக் கருதினார். அப்பாலைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாவை 1905 இல் ஸ்தாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய இளைஞர் ஜெனீவாவிலே பிரித்துக் காட்டினார். அது தோற்றுவிக்கும் இலத்திரிக்கமிலம் அழுகலைத் தடுக்கும் என நம்பிய மெச்னிக்கோவ் தாமும் நாள்தோறும் புளித்த பாலை அருந்தினார். 1907 இல் வெளிவந்த வாழ்நாளை நீட்டித்தல் பற்றிய அவர் நூலும் அவர்தம் சொற்பொழிவுகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புளித்த பால்மேற் பெருமோகத்தை உண்டாக்கின. வணிகர் அதனை மாத்திரையாக்கி விற்றனர். இலண்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஒருவர் நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டியகற்றும் அளவுக்குச் சென்றார். விஞ்ஞானியின் ஐயம் கலந்த கருத்து வணிகரின் வாயில் ஐயமற்ற உறுதிமொழியாய் மாறும் விந்தையை நாம் இன்றுங் காண்கின்றோமல்லவா?

1909 இல் மெச்னிக்கோவ் யாஸ்னயா பொல்யானாவுக்குச் சென்று தோல்ஸ்தோயைக் கண்டார். சாவின் அச்சத்தை இறைநெறியால் வெல்ல முனைந்த முதியவர் ஒருபுறம். அதனை விஞ்ஞானத்தால் வெல்லலாம் என நம்பியவர் மறுபுறம். ஒரு பகற்பொழுது அன்போடு அளவளாவினர். ஒருவர் கொள்கையை மற்றவர் ஏற்கவில்லை. இவானின் மரணத்தைக் கதையாக்கியவரும் அவருடைய உடன்பிறந்தாரும் எதிரெதிரே அமர்ந்திருந்த அக்காட்சியை எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழ்கின்றது.

1914 இல் மூண்ட பெரும்போர் அவர் ஆய்வுகூடத்தை வெறுமையாக்கியது. இளைஞர் போர்முனைக்குச் சென்றனர். 1916 ஜூலை 15 ஆம் நாள், தமது 71 ஆம் வயதில், இதயநோயால் மெச்னிக்கோவ் மறைந்தார். நூறாண்டு வாழ வழி கூறியவர் எழுபத்தொன்றில் இறந்தாரே என்று நகைத்தல் எளிது. தம் குடும்பத்தார் நெடுநாள் வாழ்ந்தவரல்லர் என்பதையும், தாம் ஐம்பதைக் கடந்த பின்னரே அவ்வுணவு முறையைக் கைக்கொண்டதையும் அவரே எடுத்துரைத்திருந்தார்.

அவருடைய முடிபுகளுள் எவை நின்றன, எவை வீழ்ந்தன என்று நடுநின்று நோக்குதல் நம் கடன். பெருங்குடல் வேண்டாத உறுப்பு என்பது வீழ்ந்தது. பல்கேரியப் பற்றீரியா மனிதர் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை என்பதை 1920 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் காட்டினர். எனினும் கிண்ணத்திலிருந்து பிறந்த வினா வீழவில்லை.

அவர் மறைந்த மறுவருடமே, 1917 இல், ஜேர்மனியின் பிறைபேர்க் நகரத்து அல்பிரட் நிஸ்லே அதே வினாவை மீண்டும் எழுப்பினார். போர்முனையிலே தோழர்கள் குடல்நோயால் வாட, ஒரு வீரன் மட்டும் நோயின்றி இருந்தான். அவன் குடலிலிருந்து நிஸ்லே பிரித்தெடுத்த பற்றீரியா இன்றும் அவர் பெயராலேயே மருந்தாக வழங்குகின்றது. அது மைக்குரோசின் எனப்படும் நுண்ணிய படைக்கலங்களை உமிழ்ந்து தன்னினத்துப் பகைவரை வீழ்த்தவல்லது என்பதைப் பிற்காலத்தார் கண்டறிந்தனர். 1925 இல் பெல்ஜிய நாட்டு அந்திரே கிராசியா, ஒருவகைக் குடற் பற்றீரியா வெளிவிடும் பொருள் மற்றொருவகையைக் கொல்வதைக் கண்டார். இத்தகைய பொருள்களைப் பற்றீரியோசின்கள் என்பர்.

இவற்றுட் பல பெப்தைட்டுகள். அஃதாவது அமினோவமிலங்கள் மணிகள்போற் கோக்கப்பட்ட குறுஞ்சரங்கள். பாலைப் புளிக்கச் செய்யும் ஒருவகைப் பற்றீரியா ஆக்கும் நைசின் என்பது 34 மணிகளைக் கொண்டது. பகைப் பற்றீரியா தன்னைச் சுற்றி மதில் எழுப்புதற்கு வேண்டிய செங்கல்லைச் சுமந்து செல்லும் மூலக்கூறு ஒன்றுண்டு. நைசின் அதனைப் பற்றிப் பிடித்து மதில்வேலையை நிறுத்துகின்றது. அதனோடமையாது, உள்மென்றகட்டிலே துளையிட்டு உயிர்ப்பொருளை வெளியே ஒழுகச் செய்கின்றது. உணவு கெடாமற் காக்கும் பொருளாக இதனை 1969 இல் உலக சுகாதார தாபனமும் உணவு விவசாயத் தாபனமும் அமைத்த அறிஞர் குழு ஏற்றுக்கொண்டது.

ஆனால் உயிருள்ள குடலினுள்ளே நம்மைக் காப்பது இப்பெப்தைட்டுத்தானா, அன்றி வேறொன்றா? அயர்லாந்தின் கோர்க் நகரத்து ஆய்வாளர் 2007 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு அழகிய விடை தந்தது. மனிதர் குடலிலிருந்து பெற்ற இலற்றோபசிலசு வகையொன்றைச் சுண்டெலிகளுக்கு ஊட்டினர். லிஸ்ரீரியா என்னுங் கொடிய கிருமியின் தொற்றிலிருந்து அவை காக்கப்பட்டன. பின்னர் அதே பற்றீரியாவைப் பெப்தைட்டு ஆக்கும் ஆற்றல் மட்டும் இல்லாததாக மாற்றி ஊட்டினர், காவல் இல்லாதொழிந்தது. வாளைப் பறித்ததும் காவலன் கையறுநிலை எய்தினான் என்க. மெச்னிக்கோவ் தட்டுக்களிற் கண்ட தடுப்புக்கு ஒரு விளக்கம், ஏறக்குறைய 115 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு கிடைத்தது.

இவ்வாராய்ச்சியின் பயன் யாது? வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தீயோரை மட்டுமன்றிக் குடலகத்து நல்லோரையும் சேர்த்தே அழிக்கின்றன. அவ்வெற்றிடத்திலே குளொஸ்திரீடியம் இனத்துக் கிருமியொன்று பெருகி, மருத்துவமனைகளிற் கடும் வயிற்றோட்டத்தை விளைக்கின்றது. 2010 இல் கோர்க் ஆய்வாளர் அறிவித்த துரிசின் என்னும் பெப்தைட்டு அக்கிருமியைக் குறிபார்த்துக் கொல்வதோடு, ஏனையவற்றைப் பெரிதும் விட்டுவிடுவதாக ஆய்வுகூடத்திற் காணப்பட்டது. நோயாளிக்கு உகந்த மருந்தாவதற்கு இடையூறுகள் பல. பெப்தைட்டு உணவைப் போலவே இரைப்பையிலுஞ் சிறுகுடலிலுஞ் செரித்துப்போகக் கூடியது. கிருமிகள் அதனையும் எதிர்த்து நிற்கப் பழகவும் கூடும். ஆதலால் வாளை அனுப்புவதிலும் வாளேந்திய காவலனையே குடலுக்கு அனுப்புதல் தக்கது எனச் சிலர் முயல்கின்றனர்.

அக்காவலரும் எல்லா இடத்தும் வெல்வதில்லை. இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கிராமங்களிற் பிறந்த 4,556 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிறந்த சில நாளில் ஒருவார காலம் நல்ல நுண்ணங்கியை அதற்கேற்ற உணவோடு கொடுக்க, குருதியில் தொற்றுப் பரவுதலும் மரணமும் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் 2018 இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆராய்ச்சிகள் இரண்டிலே, வயிற்றோட்டங் கண்ட சிறுவருக்கு வேறு வகைகளைக் கொடுத்தபோது யாதொரு நன்மையுங் காணப்படவில்லை. ஓரிடத்து வென்ற காவலன் மற்றோரிடத்தும் வெல்வான் என்று கொள்ளுதல் தவறு என்பதே இதனால் அறியத்தக்கது.

நம்மவர் உணவிலே தயிரும் மோரும் தொன்றுதொட்டு இடம்பெற்றவை. அவற்றை உண்பது நன்றே. ஆனால் மேலே கூறிய சோதனைகளுக்குட்பட்ட நுண்ணங்கிகளும் நம் உறியிலிருக்கும் தயிரின் நுண்ணங்கிகளும் ஒன்றென எண்ணி, வயிற்றோட்டங் கண்ட குழந்தைக்கு மருந்து தேடாது மோரை மட்டும் நம்பியிருத்தல் பெருந்தீங்காய் முடியும். இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்தலே உயிர் காக்கும் முதல் வழி. மெச்னிக்கோவின் பெயரால் மயக்கமூட்டிய வணிகரின் வழியை நாம் பின்பற்ற வேண்டா.

மாணவர்களுக்கு நான் கூறவிரும்புவது இதுவே. பேரறிஞர் ஒருவரின் முடிபுகளை மட்டும் மனனஞ் செய்பவன், அவை வீழும்போது தானும் வறியனாகின்றான். அவர் கேட்ட வினாவைக் கைக்கொள்பவனுக்கோ அவ்வறுமை இல்லை. புளித்த பாலால் நூறாண்டு வாழலாம் என்னும் முடிபு போயிற்று. அவன் நோயுற இவன் நோயுறாதது ஏன் என்னும் வினா மியூனிக்கிலும் பாரிசிலும் பிறைபேர்க்கிலும் கோர்க்கிலும் கைமாறி வந்து, இன்றும் ஆய்வுகூடங்களிலே விளக்கை அணையவிடாது காத்து நிற்கின்றது.

மெச்னிக்கோவின் உடற்சாம்பர் அடங்கிய தாழி பாஸ்டர் நிலையத்தின் நூலகத்திலே வைக்கப்பட்டுள்ளது. இருமுறை உயிரை வெறுத்தவர், உயிர்களைக் காக்கும் வழி தேடுவோர் நாள்தோறும் நூல் விரித்துப் படிக்கும் அறையிலேயே ஓய்வு கொண்டிருக்கின்றார்.